கறிவேப்பிலைப் புழு

அந்தப் புழுக்களை எடுத்துப் போடச் சொன்னது நான்தான். ஆயாம்மா வேண்டாம் என்றார். “இது கம்பளிப்பூச்சி இல்ல மிஸ், அரிக்காது. கறிவேப்பிலைப் புழு. நாலு நாள்ல தானாப் போயிரும்” என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தார். நான் செடிப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. “நாளைக்குப் பேரன்ட்ஸ் எல்லாம் வர்றாங்க. புள்ளைங்க மேல விழுந்தா யார் பதில் சொல்றது? எடுத்துருங்க” என்றேன். ஆயாம்மா குப்பை முறத்தை எடுத்துக்கொண்டு போனார். பின்பக்கம் சருகு எரிந்துகொண்டிருந்தது. முறத்தில் இருந்ததை அதில் கொட்டிவிட்டு வந்து, “ஒம்பது இருந்துச்சு மிஸ்” என்றார். எண்ணச் சொல்லி நான் கேட்கவில்லை. அவராகவே எண்ணியிருக்கிறார்.

2019 மார்ச், ஒரு வெள்ளிக்கிழமை அது. திண்டுக்கல் பக்கம் ஒரு நர்சரி பள்ளியில் எல்.கே.ஜி. வகுப்பு எனக்கு. மறுநாள் ‘ஸ்பிரிங் டே’. ஆயாம்மா செடியிலிருந்து புழுக்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், நான் வகுப்புக்குள் உட்கார்ந்து பட்டாம்பூச்சியின் வாழ்க்கைச் சுழற்சியை ஒட்டிக்கொண்டிருந்தேன். பச்சை சார்ட் பேப்பரில் நான்கு வட்டம். முதல் வட்டத்தில் முட்டைக்கு ஜவ்வரிசி. இரண்டாவதில் புழுவுக்கு முறுக்குப் பாஸ்தா. மூன்றாவதில் கூட்டுப்புழுவுக்குச் சங்கு வடிவப் பாஸ்தா. நான்காவதில் பட்டாம்பூச்சிக்கு ‘போ’ கட்டியது போல இருக்கும் பாஸ்தா. இணையத்தில் பார்த்து எடுத்த யோசனை. வெளிநாடுகளில் முட்டைக்கும் அரிசி போன்ற ஒரு பாஸ்தாவையே வைக்கிறார்கள். எங்கள் ஊரில் அது கிடைக்காததால் ஜவ்வரிசி என் சொந்தச் சேர்க்கை. அதற்காகப் பிரின்சிபால் மேடம் என்னைப் பாராட்டினார்.

வகுப்பில் 38 பிள்ளைகள். 38 சார்ட்டையும் முதல் நாள் ராத்திரி வீட்டில் வெட்டி, பாஸ்தாவுக்குச் சாயம் ஏற்றி, காயவைத்து, முக்கால்வாசி ஒட்டி முடித்திருந்தேன். என் வீட்டுக்காரரும் பதினொரு மணி வரைக்கும் கூட உட்கார்ந்து ஒட்டினார். பிள்ளைகள் செய்தது இவ்வளவுதான்: வரிசையில் வந்து, நான் ஃபெவிகால் தடவிக் காட்டிய இடத்தில் கடைசிப் பாஸ்தாவை வைத்து ஒரு அமுக்கு அமுக்கினார்கள். கோணலாக வைத்தவர்களுடையதை, அவர்கள் இடத்துக்குப் போன பிறகு நேராக்கினேன். ஒவ்வொரு சார்ட்டின் கீழும் ஸ்கெட்ச் பேனாவால் ஒரு பிள்ளையின் பெயரை எழுதினேன். 38 பெயர், ஒரே கையெழுத்து, ஒரே பட்டாம்பூச்சி.

அந்த நேரத்தில்தான் அவள் வந்தாள். வகுப்பில் அதிகம் பேசாத பிள்ளை. பேசினால் தமிழில்தான் வரும். வகுப்பில் தமிழில் பேசினால் ‘ஸ்பீக் இன் இங்கிலீஷ்’ என்று சொல்லிச் சொல்லியே அவளைப் பேசாத பிள்ளை ஆக்கியிருந்தேன். அன்றைக்கு எப்படியோ அடக்க முடியாமல் ஓடிவந்து, என் சேலைத் தலைப்பைப் பிடித்து இழுத்தாள்.

“மிஸ், கறிவேப்பிலையில புழு இருக்கு மிஸ். அதுக்குக் கொம்பு இருக்கு. ரெண்டு. செவப்பா இருக்கு. குச்சியால தொட்டா வெளிய வருது, அப்பறம் உள்ள போயிருது. நாத்தம் அடிக்குது மிஸ்.”

புழுவுக்குக் கொம்பு கிடையாது என்றேன். “இருக்கு மிஸ்” என்றாள். என் மேசையில் இருந்த சார்ட்டைக் காட்டி, “இதுல கொம்பு இருக்கா?” என்று கேட்டேன். அவள் முறுக்குப் பாஸ்தாவைப் பார்த்தாள். இல்லை என்று தலையாட்டினாள். பிறகு மெதுவாக, “ஆனா அதுக்கு இருக்கு மிஸ்” என்றாள். எனக்கு இன்னும் பன்னிரண்டு சார்ட் பாக்கி. பொய் சொல்லக் கூடாது என்று சத்தம் போட்டேன். மூலையில் உட்கார வைத்தேன். அவளுடைய டைரியை எடுத்து, பிள்ளை வகுப்பில் பொய் சொல்கிறாள், கவனிக்கவும் என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஆயாம்மாவைக் கூப்பிட்டு அந்தச் செடியில் இருப்பதை எடுக்கச் சொன்னது அதற்குப் பிறகுதான். மூலையில் இருந்து ஜன்னல் வழியாக அவளுக்குப் பின்பக்கம் தெரியும். முறம் போவதையும் வருவதையும் அவள் பார்த்திருப்பாள்.

அவளுடைய அம்மா பஸ் நிறுத்தத்துக்குப் பக்கத்தில் இட்லிக் கடை போட்டிருந்தார். ஆங்கிலம் வாசிக்கத் தெரியாது. டைரியை மருந்துக்கடைப் பையனிடம் கொடுத்துப் படித்துக் கேட்டிருக்கிறார். மறுநாள் சனிக்கிழமை, எல்லாப் பெற்றோரும் வந்து பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொண்டிருக்கும்போது, அவர் மகளைக் கையைப் பிடித்து என் முன்னால் கொண்டுவந்து நிறுத்தினார். அவளுக்கு ரோஸ் கலர் ஃபிராக். எல்லோரும் ரோஸ் அல்லது வெளிர்ப்பச்சை போட்டு வரவேண்டும் என்று சர்க்குலர் அனுப்பியிருந்தோம். ஃபிராக் புதுசு. விலைச் சீட்டு மாட்டிய பிளாஸ்டிக் நூல் அக்குளில் இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது.

“சொல்லு” என்றார் அம்மா.

“ஸாரி மிஸ். இனிமே பொய் சொல்ல மாட்டேன்.”

நான் அந்த ஸாரியை வாங்கிக்கொண்டேன். கன்னத்தைத் தட்டிக்கொடுத்து, ‘குட் கேர்ள்’ என்று சொல்லி, போர்டில் அவள் பெயர் எழுதிய சார்ட்டைக் காட்டினேன். அம்மா அதைத் தொட்டுப் பார்த்தார். “இவளே செஞ்சதா மிஸ்?” என்றார். ஆமாம் என்றேன். அங்கே நின்ற மூன்று பேரில் பொய் சொன்னது நான் ஒருத்திதான்.

இதைச் செய்தவள் பட்டணத்தில் பிறந்து வளர்ந்தவளாக இருந்தால் ஒரு சமாதானம் சொல்லலாம். எனக்கு அந்தச் சமாதானமும் கிடையாது. நான் கிராமத்தில் வளர்ந்தவள். பங்குனி பிறந்தால் வேப்பமரத்தடியில் பழைய சேலையை விரித்துப் போட்டு, விழுகிற பூவை அள்ளிக் காயவைப்பது எங்கள் வீட்டில் என் வேலை. அம்மா அதை வறுத்து ரசம் வைப்பார். சித்திரை முதல் நாள் மாங்காய்ப் பச்சடியில் அதே பூ மிதக்கும். புங்கமரத்தடியில் காலையில் பொரி கொட்டினாற்போலப் பூ கிடக்கும், அதில் வெறுங்காலோடு நடப்போம். எந்த மரம் எப்போது மொட்டையாகும், எப்போது துளிர்க்கும், மாம்பூவில் மழை விழுந்தால் பெரியவர்கள் ஏன் முகம் சுளிப்பார்கள் என்பதெல்லாம் யாரும் பாடமாகச் சொல்லித்தராமலே எனக்குத் தெரியும். தெரிந்ததை வாசலில் செருப்போடு கழற்றிப் போட்டுவிட்டு வகுப்புக்குள் போனேன் என்பதுதான் என் குற்றம்.

ஏன் அப்படிச் செய்தேன் என்று வெகுநாள் எனக்கே பிடிபடவில்லை. வேலைப்பளு, பள்ளியின் எதிர்பார்ப்பு, பெற்றோர் கேட்கிறார்கள் என்று காரணம் சொல்லிக்கொண்டிருந்தேன். உண்மையான காரணம் பயம். நான் பன்னிரண்டாவது வரை தமிழ் வழியில் படித்தவள். ஆங்கிலப் பள்ளியில் வேலை கிடைத்த நாளிலிருந்து, எந்த நிமிடம் என் ஆங்கிலம் காலை வாரிவிடுமோ என்ற பயம் எனக்கு. ஒர்க்‌ஷீட்டில் எல்லா வார்த்தையும் அச்சில் இருக்கிறது. கேள்வி அதிலேயே இருக்கிறது, விடையும் இருக்கிறது. பிள்ளைகளை மரத்தடிக்குக் கூட்டிப்போனால் அவர்கள் புங்கம்பூவைக் காட்டி இது என்ன மிஸ் என்பார்கள். அதற்கு ஆங்கிலத்தில் என்னவென்று எனக்குத் தெரியாது. இந்தப் பூச்சி ஏன் இப்படி இருக்கிறது என்பார்கள். அது எனக்கு எந்த மொழியிலும் தெரியாது. நான்கு சுவருக்குள், துலிப் பூவுக்கும் செர்ரிப் பூவுக்கும் நடுவில், எல்லாம் தெரிந்தவளாக நான் இருந்தேன். ஒரு துலிப் பூவை நேரில் பார்க்காமலே ஒன்பது வருடம் அதைச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

என் வகுப்புச் சுவரில் தொங்கிய பருவச் சார்ட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நான்கு பருவம், நான்கு கட்டம். மார்ச் முதல் மே வரை ஸ்பிரிங்: பனி உருகுகிறது, மொட்டு விடுகிறது, பிள்ளைகள் மழைக்காலணி போட்டுக்கொண்டு தேங்கின மழைத்தண்ணீரில் குதிக்கிறார்கள். செப்டம்பர் முதல் நவம்பர் வரை ஆட்டம் (Autumn): மரம் இலை உதிர்க்கிறது. எங்கள் ஊரில் ஏப்ரல் மாதத்தில் வெளியே நின்றால் தலை கொதிக்கும். இலை உதிர்வது தை, மாசி, பங்குனியில். அக்டோபர், நவம்பர், டிசம்பரில் வடகிழக்குப் பருவமழை கொட்டுகிறது. தமிழ்நாட்டுக்கு ஒரு வருடத்தில் கிடைக்கும் மழையில் கிட்டத்தட்ட பாதி அந்த மூன்று மாதத்தில்தான். தீபாவளிக்கு மழை வெறிக்குமா என்று வானத்தைப் பார்க்கிற பிள்ளைகளிடம், இது இலை உதிரும் காலம் என்று காய்ந்த இலைக்கு ஆரஞ்சு அடிக்க வைத்தேன். ஜன்னலுக்கு வெளியே மரமெல்லாம் நனைந்து கரும்பச்சையாக நின்றது.

குளிர்நாட்டு மரம் இலையை உதிர்ப்பது வெயில் குறைந்து, பகல் சுருங்கி, குளிர் வருவதால். நம் ஊர் மரம் உதிர்ப்பது வறட்சிக்குப் பயந்து. இலை இருந்தால் அதன் வழியாகத் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருக்கும். மழை நின்று மண் காயும்போது இலையை விட்டுவிட்டால் மரம் பிழைக்கும். அதனால் நம்மிடம் உதிர்வதற்கும் துளிர்ப்பதற்கும் நடுவில் ஒரு நீண்ட குளிர்காலம் கிடையாது. அரசமரத்தில் ஒரு கிளையில் சருகு தொங்க, பக்கத்துக் கிளையில் செம்பு நிறத்தில் குருத்து மின்னும். இரண்டையும் ஒரே நாளில் பிள்ளைக்குக் காட்டலாம். இதை வைத்து எவ்வளவு சொல்லிக்கொடுத்திருக்கலாம் என்று நினைத்தால் வயிற்றைப் பிசைகிறது.

நம்முடைய பழைய கணக்கில் பருவம் ஆறு. மாசியும் பங்குனியும் பின்பனி, சித்திரையும் வைகாசியும் இளவேனில். இதைப் பத்தாம் வகுப்பில் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்கியவள் நான். இளவேனில் தொடங்கும்போது எங்கள் பள்ளியில் ஆண்டு விடுமுறை விட்டிருப்போம். ஆகவே நான் ‘ஸ்பிரிங்’ நடத்திய நாட்கள் உண்மையில் பின்பனியின் கடைசி நாட்கள். பனி விலகி, குயில் கத்தத் தொடங்கி, வேம்பு அரும்பு கட்டுகிற நாட்கள். வெளியே நடந்துகொண்டிருந்ததற்கு ஒரு பெயர் என் மொழியிலேயே இருந்தது. அந்தப் பெயரை ஒரு பிள்ளைக்குக்கூட நான் சொன்னதில்லை.

2020இல் ஊரடங்கு வந்தது. பள்ளி மூடி, சம்பளம் பாதியாகி, வீட்டு மொட்டைமாடியில் நான்கு தொட்டி வைத்து ஏதோ வளர்த்துக்கொண்டிருந்தேன். சித்திரை மாதம் ஒரு காலையில் கறிவேப்பிலை பறிக்கப் போனால், இலை ஓரமெல்லாம் கடித்து மென்றிருந்தது. குனிந்து பார்த்தேன். காக்கை எச்சம் போல ஒன்று இலைமேல் ஒட்டியிருந்தது. தட்டிவிடலாம் என்று ஈர்க்குச்சியை எடுத்தால் அது நகர்ந்தது. பக்கத்துக் கிளையில் இன்னொன்று, விரல் நீளம், நல்ல பச்சை, முதுகில் பட்டை. அதை ஈர்க்குச்சியால் லேசாகத் தொட்டேன்.

தலைக்குப் பின்னாலிருந்து இரண்டு கொம்பு வெளியே வந்தது. சிவப்பு. ஈரமாக, மெழுகு போல. கவட்டை மாதிரி விரிந்து, ஒரு கணம் நின்று, மறுபடி உள்ளே போய்விட்டது. அழுகின எலுமிச்சம்பழம் போல ஒரு நாற்றம்.

மாடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அவள் சொன்ன ஒவ்வொரு வார்த்தையும் வந்தது. எத்தனை கொம்பு என்று சொன்னாள். என்ன நிறம் என்று சொன்னாள். எப்போது வரும், எப்போது போகும் என்று சொன்னாள். வாசனையையும் சொன்னாள். நான்கு வயதுப் பிள்ளை ஒரு குச்சியை எடுத்து, தொட்டு, பார்த்து, மறுபடி தொட்டுச் சரிபார்த்து, பார்த்ததில் ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் ஓடிவந்து சொன்னாள். எந்தப் பாடத்திட்டமும் ஒரு பிள்ளையிடம் எதிர்பார்ப்பது அதைத்தான். என் வகுப்பில் அந்த ஒன்பது வருடத்தில் அது நடந்த ஒரே நாளில், நடத்திக்காட்டியவளை நான் மூலையில் உட்கார வைத்தேன்.

அந்தப் புழுவைப் பற்றி அப்புறம்தான் தேடிப் படித்தேன். கறிவேப்பிலையிலும் எலுமிச்சையிலும் முட்டையிடும் பட்டாம்பூச்சிகள் உண்டு. கறிவேப்பிலை அழகி, எலுமிச்சை அழகி என்று தமிழிலேயே பெயர் இருக்கிறது. இளம் இலையில் குண்டூசித் தலை அளவு மஞ்சள் முட்டையை ஒவ்வொன்றாக வைக்கும். முட்டை ஜவ்வரிசி போலத்தான் இருக்கும், அதைவிடச் சிறியது. சின்னப் புழு பறவை எச்சம் போல வேஷம் போட்டுத் தப்பிக்கும். வளர்ந்தால் இலையின் பச்சையை எடுத்துக்கொள்ளும். அதையும் மீறி யாராவது தொட்டால் கொம்பை நீட்டி நாற்றத்தை விடும். எறும்பும் சிலந்தியும் கிட்ட வராமல் இருக்க அதனிடம் இருக்கும் ஒரே ஆயுதம் அது. ஆயாம்மா அந்த ஒன்பதையும் பறித்தபோது ஒன்பதும் கொம்பை நீட்டியிருக்கும்.

அதே 2019ஆம் வருடம்தான் ‘தமிழ் மறவன்’ தமிழ்நாட்டின் மாநிலப் பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. அதையும் நான் பொது அறிவுப் பட்டியலில் சேர்த்துப் பிள்ளைகளை ஒப்பிக்க வைத்தேன். மேற்குத் தொடர்ச்சி மலைக்காட்டுப் பூச்சி அது, எங்கள் பிள்ளைகள் யாரும் கண்ணால் பார்த்ததில்லை. பின்பக்கச் செடியில் இருந்ததைத் தீயில் போட்டுவிட்டு, மலையில் இருப்பதன் பெயரை ஒப்பிக்க வைத்தேன்.

ஆசிரியர் பயிற்சி டிப்ளமோவில் எனக்குப் பத்து மார்க் கேள்வி ஒன்று வந்தது, ஃபிரோபெல் பற்றி. 1840இல் ஜெர்மனியில் தன் பள்ளிக்குக் ‘கிண்டர்கார்டன்’ என்று பெயர் வைத்தார் என்று எழுதினேன். எல்.கே.ஜி. என்பதில் கே, ஜி இரண்டும் அந்தப் பெயரிலிருந்து வந்தவை. குழந்தைகளின் தோட்டம். அவர் அந்தப் பெயரை அலங்காரத்துக்கு மட்டும் வைக்கவில்லை, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு சின்னப் பாத்தி ஒதுக்கிக் கொடுத்தார் என்பதையும் எழுதி எட்டு மார்க் வாங்கினேன். மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாறுக்கு வந்ததையும் எழுதியிருக்கிறேன். போர் மூண்டு, இத்தாலிக்காரர் என்பதால் ஊருக்குத் திரும்ப முடியாமல் இங்கேயே தங்க நேர்ந்தது அவருக்கு. அந்த வருடங்களில் சில காலம் அவர் கொடைக்கானலில் இருந்தார். அங்கே பிள்ளைகளுக்குச் செடி கொடிகளையும் பூச்சிகளையும் பக்கத்திலேயே வைத்துக் காட்டியதிலிருந்துதான், உலகம் முழுவதும் மாண்டிசோரிப் பள்ளிகளில் இன்றைக்கு நடக்கும் இயற்கைப் பாடங்களில் பல விளைந்தன. கொடைக்கானல் எங்கள் மாவட்டம். எங்கள் பள்ளி மாடியில் நின்றால் அந்த மலைத்தொடர் தெரியும். அந்த மலையைப் பார்த்துக்கொண்டே நான் பாஸ்தா ஒட்டினேன்.

பள்ளி மறுபடி திறந்தபோது அவள் இல்லை. அந்தக் கொரோனா வருடத்தில் ஃபீஸ் கட்ட முடியாமல் நிறையப் பிள்ளைகள் அரசுப் பள்ளிக்குப் போனார்கள். அவளும் போயிருந்தாள்.

இப்போது வகுப்பை வேறு மாதிரி நடத்துகிறேன். எடுத்த எடுப்பில் சரியாக வரவில்லை என்பதையும் மறைக்கக் கூடாது. முதல் வருடம் ஒரு புழுவை ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு, மூடியில் ஓட்டை குத்தி, வகுப்பில் வைத்தேன். அது கூட்டுப்புழுவாகும் வரை பிள்ளைகள் தினமும் வந்து பார்த்தார்கள். பாட்டிலுக்குள் ஈரம் கட்டிக்கொண்டது, இடமும் போதவில்லை. வெளியே வந்த பட்டாம்பூச்சிக்குச் விரிக்க வழியில்லாமல், சிறகு கசங்கினபடியே காய்ந்துவிட்டது. மடித்த காகிதம் போல இருந்த அந்தச் சிறகோடு அது பாட்டிலுக்குள் இரண்டு நாள் நடந்தது. 31 பிள்ளைகள் அதைப் பார்த்தார்கள். என்ன ஆச்சு மிஸ் என்று கேட்டதற்கு, நான் பாட்டிலைத் தப்பாக வைத்துவிட்டேன் என்று சொன்னேன். பிள்ளைகள் முன்னால் அப்படி நான் சொன்னது அதுவே முதல் தடவை. அடுத்த வருடத்திலிருந்து செடியிலேயே விட்டுவிடுகிறோம். கிளையைச் சுற்றி ஒரு பழைய கொசுவலைத் துணி மட்டும் கட்டுகிறோம், குருவி கொத்தாமல் இருக்க. கூட்டுப்புழு இலைப்பக்கம் ஒட்டியிருந்தால் பச்சையாகவும், காய்ந்த தண்டுப்பக்கம் ஒட்டியிருந்தால் பழுப்பாகவும் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் ஒரு யு.கே.ஜி. பையன்.

மைதானத்தில் ஒரு அரசமரம் இருக்கிறது. மாசிக் கடைசியில் தொடங்கி, தினமும் பத்து நிமிடம் அதன் கீழே போய் நிற்கிறோம். ஒரே கிளையிலிருந்து ஒரு நாளைக்கு ஒரு குருத்திலையைப் பறித்து, தேதி போட்டு, தாளில் வரிசையாக ஒட்டுகிறோம். முதல் நாள் இலை கட்டைவிரல் நகம் அளவு, செம்பு நிறம், கண்ணாடி போல ஒளி ஊடுருவும். நாலாம் நாள் ரோஸ் கலந்த பழுப்பு. ஏழாம் நாள் வெளிறிய பச்சை, தொட்டால் பட்டுத் துணி. பதினைந்தாம் நாள் அது நமக்குத் தெரிந்த அரச இலை, வால் நீண்டு, நரம்பு தடித்து. “இதுக்கு இன்னும் பச்சை வரல மிஸ்” என்று ஒரு பிள்ளை மூன்றாம் நாள் இலையைக் காட்டிச் சொன்னாள். பச்சை இலைக்குள் வருகிற ஒன்று என்பதை அவளாகவே கண்டுகொண்டாள். குருத்தில் பச்சையம் குறைவு, வெயில் சுடாமல் காக்கச் செந்நிறம் இருக்கிறது என்று நான் படித்து வைத்திருந்ததைச் சொல்ல வாயெடுத்துவிட்டு நிறுத்திக்கொண்டேன். அவள் சொன்னது போதும்.

புங்கம்பூவை அள்ளிப் பத்துப் பத்தாகக் குவித்து எண்ணுகிறோம். ஒரு தட்டில் வேப்பம்பூவும் இன்னொரு தட்டில் முருங்கைப்பூவும் வைத்துக் கண்ணை மூடி மோந்து பார்க்கச் சொல்கிறேன். குயில் கத்தினால் வகுப்பே நின்றுபோகும். பிள்ளைகள் திருப்பிக் கூவுவார்கள், அது இன்னும் உச்சத்துக்குப் போய்ப் பதில் கொடுக்கும். காலையில் மைதானத்தைப் பெருக்கும்போது புங்கமரத்தடியை மட்டும் விட்டுவிடுங்கள் என்று ஆயாம்மாவிடம் கேட்டுக்கொண்டேன். “முன்னாடியெல்லாம் ஒரு பூ கிடந்தாலும் திட்டுவீங்களே மிஸ்” என்றார். ஆமாம், திட்டியிருக்கிறேன்.

ஆனாலும் முழுதாக மாறிவிட்டேன் என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். நான்கு பருவச் சார்ட் இன்னும் என் வகுப்புச் சுவரில்தான் தொங்குகிறது. இப்போது நர்சரிப் பிரிவுக்கு நான்தான் இன்சார்ஜ். நான் சொன்னால் எடுத்துவிடலாம். அட்மிஷன் நேரத்தில் பெற்றோர் வந்து சுற்றிப் பார்க்கும்போது அது இருந்தால் நல்லது என்று கரஸ்பாண்டென்ட் ஒருமுறை சொன்னார். அதற்கு மேல் நான் பேசவில்லை. போன பிப்ரவரியிலும் ஸ்பிரிங் டே சர்க்குலரில் கையெழுத்துப் போட்டேன். ரோஸ் அல்லது வெளிர்ப்பச்சை.

மூலையில் உட்கார வைத்த அந்தப் பிள்ளையின் அம்மாவை இந்த வருடங்களில் மூன்று தடவை பார்த்திருக்கிறேன். ஒருதரம் உழவர் சந்தையில், கறிவேப்பிலைக் கட்டு வாங்கிக்கொண்டிருந்தார். நான் வெங்காயக் கடைப் பக்கம் திரும்பி நின்றுவிட்டேன். இன்னொருதரம் பஸ்ஸில், நல்லா இருக்கீங்களா மிஸ் என்று அவரே கேட்டார். நல்லா இருக்கேன், வெயில் அதிகம் என்று சொல்லிவிட்டு இறங்கவேண்டிய இடத்துக்கு முந்தின நிறுத்தத்திலேயே இறங்கிவிட்டேன்.

போன புதன்கிழமை சாயந்திரம், சொல்லிவிடுவது என்று முடிவு செய்துகொண்டு கடைக்கே போனேன். அம்மா ஆவி பறக்கும் தட்டிலிருந்து இட்லியைத் தண்ணீர் தொட்டு எடுத்துக்கொண்டிருந்தார். அவள்தான் இலை போட்டாள். பத்துப் பதினோரு வயது இருக்கும். நன்றாக வளர்ந்துவிட்டாள், இரட்டைச் சடை. என்னை அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அம்மாதான், “உனக்கு எல்.கே.ஜி. எடுத்த மிஸ்ஸுடி, வணக்கம் சொல்லு” என்றார். வணக்கம் சொன்னாள். கை குவித்தபடியே, சட்டினி வேணுமா மிஸ் என்று கேட்டாள்.

பக்கத்தில் நாலைந்து பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். இரண்டு தடவை வாயைத் திறந்தேன். என்ன படிக்கிறாய் என்று கேட்டேன். எந்தப் பாடம் பிடிக்கும் என்று கேட்டேன். அவள் அம்மாவைப் பார்த்துவிட்டு, “தெரியல மிஸ்” என்றாள். சட்டினியில் தாளித்திருந்த கறிவேப்பிலையை இலை ஓரத்தில் ஒதுக்கி வைத்துவிட்டு, காசு கொடுத்தேன். அம்மா வாங்க மறுத்தார். மிஸ்ஸிடம் போய்க் காசா என்றார். கையில் திணித்துவிட்டு, சொல்லாமலே வந்துவிட்டேன்.

நாளைக்குப் புதன்கிழமை. கடை நாலு மணிக்குத் திறப்பார்கள், ஆறு மணிக்கு மேல்தான் கூட்டம் வரும். நாலரைக்குப் போகப்போகிறேன்.